வாஷரின் போனைத் தூய்மை செய்த வரலாறு

நான் இங்கே எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் இரண்டு கண்களின் மீது ஆணை. அவற்றுக்குள் டாக்டர் வைத்து அனுப்பிய செயற்கை வில்லைகளின் மீதும் ஆணை. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். நம்புகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வரவும். மூக்கு எதற்கு என்பது போகப்போகத் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு குழாய் ரிப்பேர்காரன் இருக்கிறான். எந்தக் குழாயைக் காட்டினாலும் "வாஷர் மாத்தினா சரியாப் போயிடும்" என்பான். சில சமயம் குழாயையே பிடுங்கிப் போட்டுப் புதிது வைக்க வேண்டியிருக்கும். அப்போதும் அதைச் சொல்லிவிட்டுத்தான் பிடுங்குவான். ஆகவே அவனுக்குப் பெயர் வாஷர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்க வேண்டும். அது அவனுக்கே தேவைப்படுவதில்லை.

வாஷரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சுவரில் குழாயைப் பதித்து முடித்ததும், கொத்தனார் பூசி மூடுவதற்கு முன்னால், அந்தச் சுவரைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வான். அவனோடு வேலைக்குப் போகும் அவன் மனைவி அளவு டேப்பைச் சுவர் மூலையிலிருந்து குழாய் வரைக்கும் இழுத்துப் பிடிப்பாள். பிற்பாடு அந்த வீட்டில் ஒழுகல் வந்தால், மற்ற ரிப்பேர்காரர்கள் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டுப் பாதிச் சுவரை இடிப்பார்கள். வாஷர் படத்தைப் பார்த்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டு வேலையை முடித்துவிடுவான். ஊரில் பாதிச் சுவர்களின் வயிற்றுக்குள் இருப்பது அவன் போனுக்குள் இருந்தது. அவன் சோறு அதில்தான் இருந்தது.

"இவர் போன்ல ஊர்ச் சுவரெல்லாம் இருக்கு, ஐயா. என் மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துலயும் கைதான்" என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். "நாளைக்கு நான் காணாமப் போனா போலீஸ்கிட்ட கையைத்தான் காட்டுவார்."

ஒரே ஒரு கட்டடத்தில் மட்டும், கொத்தனார் அவசரத்தில் அவளுடைய டேப்பையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூசிவிட்டார். நல்ல எஃகு டேப். அதற்கு அப்புறம் வாஷர் வீட்டில் நடந்த ஒவ்வொரு சண்டையிலும் அந்த டேப் ஒருமுறையாவது தலையை நீட்டாமல் இருந்ததில்லை.

படங்கள் சேரச் சேரப் போனில் இடம் போதவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை கம்பெனிக்காரன் திணித்து அனுப்பிய செயலிகள். குதிரைப் பந்தயம், எடை குறைப்பு, யாரோ ஒருவருடைய கடை. எதையும் நீக்க முடியாது. கம்பெனிக்காரன் போனை விற்றுவிட்டு அதன் பெரிய சாவியைத் தன் இடுப்பிலேயே சொருகிக்கொள்கிறான். அந்தச் சாவியைப் போனுக்குச் சொந்தக்காரனிடமே எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு ரூட் பண்ணுவது என்று பெயர். வாஷரின் மச்சினன் அதைச் செய்து கொடுத்தான். அவனுக்கு வீட்டில் விஞ்ஞானி என்று பெயர். பரீட்சை எதிலும் தேறாததால் வந்த பெயர். குதிரை ஓடிப்போயிற்று, எடை குறைந்தது, கடை மூடியது. வாஷருக்கு இடம் கிடைத்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான், குழாய் வேலைக்கான உரிமத்தை இனிமேல் போனில் ஒரு செயலி வழியாகத்தான் புதுப்பிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. உரிமம் இல்லாதவனை அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். வாஷர் செயலியைத் திறந்தான். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: "இக்கருவி தூய்மையற்றது. கைபேசித் தூய்மை இயக்ககத்தை அணுகவும்."

"தினம் துடைக்கிறேனே" என்றான் வாஷர், சட்டையில் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டே.

விஞ்ஞானியைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து பார்த்துவிட்டு, "ரூட் பண்ணினது தெரிஞ்சுபோச்சு, மாமா. கம்பெனி சாஃப்ட்வேரைத் திரும்ப ஏத்தினா ரூட் போயிடும். அரை மணி நேர வேலை. ஆனா உரிமத்துக்கு இயக்ககத்தோட சான்றிதழ் வேணும். வெளியாள் கைவச்சா சான்றிதழே கிடையாதாம்" என்றான்.

"அவங்க என்ன பண்ணுவாங்க?"

"ரீசெட் பண்ணுவாங்க. அவங்களுக்கு அது ஒண்ணுதான் தெரியும். ரீசெட் பண்ணா உங்களோடது எல்லாம் போயிடும். நான் பண்ணினது அப்படியே இருக்கும்."

"அது எப்படிடா?"

"நீங்க வச்ச படம், நம்பர், எல்லாம் ஒரு ரூம்ல இருக்கு. நான் கைவச்சது வேற ரூம். ரீசெட் உங்க ரூமை மட்டும்தான் காலி பண்ணும்."

"குடியிருக்கறவன் சாமானை எல்லாம் தூக்கித் தெருவுல வீசினாலும் சுவத்துக்குள்ள போற பைப் அசையாது. அதானே?"

"அதேதான், மாமா. ஆனா இதை அங்க போய்ச் சொல்லிடாதீங்க."

விஞ்ஞானி படங்களை எல்லாம் ஒரு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தான். கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. ஊரின் பாதிச் சுவர்கள் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டன. "ரீசெட் இதைத் தொடாது. பத்திரமா இருக்கும்" என்றான். விஞ்ஞானத்தைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. இயக்ககத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாது.

என் வீட்டுச் சமையலறைக் குழாய் அப்போது சொட்டிக்கொண்டிருந்தது. இவனை விட்டால் பிடிக்க முடியாது என்பதால், அவனும் அவன் மனைவியும் இயக்ககத்துக்குப் புறப்பட்டபோது நானும் கூடவே கிளம்பினேன்.

இயக்ககத்துக்குப் பெரிய கண்ணாடிக் கதவு. அதில் பொன் எழுத்தில், "தூய்மையே எங்கள் மூச்சு." நானும் ஒரு மூச்சு இழுத்தேன். இழுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது. நாள்பட்ட சாக்கடையின் மேல் எலுமிச்சை வாசனையைத் தெளித்தால் என்ன வருமோ, அது வந்தது.

வாஷர் மூக்கைச் சுளிக்கவில்லை. தலையைச் சாய்த்து மோந்து பார்த்தான், தெரிந்த குரல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவன் மாதிரி. "ஐயா, இந்தக் கட்டடத்துக்குப் பைப் போட்டது நான்தான். உள்ள எங்கேயோ ஜாயிண்ட் விட்டிருக்கு."

"என் டேப்பு இங்கதான் இருக்கு" என்றாள் மனைவி. "ஞாபகம் இருக்கா?"

அவன் முன்னால் நடந்தான்.

எங்களை வரவேற்றவர் துணை அழிப்பு அலுவலர். இரண்டு கையிலும் வெள்ளை உறை. ஒரு காலத்து வெள்ளை. விரல் நுனிகள் கறுத்து, உள்ளங்கை மஞ்சளாகி, கட்டைவிரலில் பிஸ்கட் தூள் அப்பியிருந்தது. அந்த உறையோடு அவர் பிஸ்கட்டை டீயில் முக்கிச் சாப்பிட்டார். அந்த விரலை நாக்கில் தொட்டுக் காகிதம் புரட்டினார். அதே விரலால் வாஷரின் போனை எடுத்து ஒரு தட்டில் வைத்து, "கிருமி இருக்கும். நீங்க தொடாதீங்க" என்றார்.

"சார், இங்க ஒரு வாசம் வருது…" என்று வாஷர் ஆரம்பித்தான்.

"வராது. துர்நாற்றமற்ற அலுவலகம்னு நமக்குச் சான்றிதழ் இருக்கு." சுவரைக் காட்டினார். சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதன் கண்ணாடிக்கு உட்புறம் பச்சையாக ஏதோ பூத்திருந்தது.

பிறகு வாஷரை நிற்க வைத்து உறுதிமொழி வாங்கினார். "நான் என் கைபேசியில் உள்ள அனைத்தையும் மனமார, எவர் வற்புறுத்தலுமின்றி, துறக்கிறேன்" என்று அவர் சொல்லச் சொல்ல இவன் சொன்னான். "எவர் வற்புறுத்தலுமின்றி" என்ற இடத்தில் வாஷர் கொஞ்சம் தயங்கினான். "அதைச் சத்தமாச் சொல்லணும். சொல்லலைன்னா உள்ள விடமாட்டோம்" என்றார் அலுவலர்.

போனின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தவர் மெமரி கார்டைக் கண்டுபிடித்தார். தையல் ஊசியால் குத்தி வெளியே எடுத்தார்.

"இது என்ன?"

"படம் சார். சுவர்ப் படம். அதுல ஒண்ணும் ரூட் கீட் கிடையாது."

"தூய்மையற்ற கருவிக்குள்ள இருந்த பொருள். சாட்சி." கார்டை ஒரு உறையில் போட்டு அரக்கு வைத்தார். "போனுக்குத் தூய்மைச் சான்றிதழ் கிடைச்சதும் திருப்பித் தருவோம்."

"அதுலதான் சார் என் பொழப்பே இருக்கு."

"அப்ப இன்னும் பத்திரமா வச்சுக்கறோம்" என்று அவர் அதை ஆவண அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டினார்.

மணி அடித்தது. ஊழியர்கள் அனைவரும் எழுந்து நின்றார்கள். அலுவலர் கறுத்த விரலால் ரீசெட் பொத்தானை அழுத்தினார். போன் இருண்டு, மீண்டும் விழித்து, புதிதாகப் பிறந்தது போல் "வணக்கம், மொழியைத் தேர்ந்தெடுக்கவும்" என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். வாஷர் தேடிப் பார்த்தான். படம் இல்லை, வாடிக்கையாளர் நம்பர் இல்லை, அவன் மாமனார் நம்பர்கூட இல்லை. இதற்கு மட்டும் அவன் முகத்தில் பெரிய துக்கம் தெரியவில்லை.

அலுவலர் இயக்ககத்தின் சோதனைச் செயலியை ஏற்றித் திறந்தார். சிவப்பு எழுத்து: "இக்கருவி தூய்மையற்றது."

கைதட்டல் நின்றது.

"சரியா அழியல போல" என்று மறுபடியும் அழித்தார். அழிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. இருந்தாலும் மணி அடித்தது, எழுந்தார்கள், தட்டினார்கள். மறுபடியும் சிவப்பு. மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். அந்த வாரம் முழுக்க அந்தப் போன் பிறந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பிறவியிலும் வணக்கம் சொன்னது, மொழி கேட்டது, சோதனையில் தூய்மையற்றுப் போயிற்று. என் வீட்டில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தது.

வாஷர் பொறுமை இழந்து, விஞ்ஞானி சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்லிவிட்டான். "சார், வீட்டுச் சாமானை எத்தனை தடவை வெளிய வீசினாலும் சுவத்துக்குள்ள இருக்கற பைப் போகாது. நீங்க அழிக்கறது நான் வச்சதை மட்டும்தான். ரூட் அந்த ரூம்லயே இல்ல."

அலுவலர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "போனுக்குள்ள சுவர் இருக்கா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்."

"எனக்கு முன்னாடி இருந்தவரும் இப்படித்தான் அழிச்சார். அவருக்கு முன்னாடி இருந்தவரும் இப்படித்தான் அழிச்சார். ஒருத்தர்கூட சுவரைப் பார்த்ததில்ல."

"இதுவரைக்கும் யாருக்காவது சரியாகியிருக்கா, சார்?" என்று கேட்டாள் வாஷரின் மனைவி.

"சரியாகறது எங்க துறை இல்லம்மா. நாங்க அழிப்பு. போன வருஷம் இலக்குக்கு மேலேயே அழிச்சிருக்கோம். அழிச்சதையே திரும்ப அழிச்சா அதையும் கணக்குல சேர்த்துக்கலாம்னு புது உத்தரவு வேற வந்திருக்கு." இதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. வாஷரின் போன் அந்த இலக்குக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் எவ்வளவு அழித்தும் சிவப்பு போகாததால் இயக்ககம் ஆழமாகச் சிந்தித்தது. போன் முழுக்கக் காலி. அப்படியானால் அழுக்கு வேறெங்கோ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். எங்கே? போனில் இருந்தவற்றை அதன் சொந்தக்காரன் இன்னும் நினைவில் வைத்திருக்கிறான். அங்கே!

எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். மனத்தூய்மை ஆலோசகர் என்று பலகை இருந்தது. சற்று நேரத்தில் ஆலோசகர் வந்தார். அதே அலுவலர்தான். பலகையைத் திருப்பி வைத்துவிட்டு வேறு கதவு வழியாக வந்தார். எங்களை முன்பின் பார்க்காதவர் போல் வணக்கம் சொன்னார். கையில் அதே உறை.

"அந்தப் படங்கள்ல என்ன இருந்தது?"

"சுவர் சார்."

"பாருங்க, உடனே சொல்றீங்க. இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு." ஒரு தாளை நீட்டினார். மேற்படி கைபேசியில் இருந்த எந்தச் சுவரும் எந்தக் குழாயும் தன் நினைவில் இல்லை என்றும், இனிமேலும் வராது என்றும், வந்தால் அது சட்டப்படி குற்றம் என்றும் அதில் எழுதியிருந்தது. கார்டு திரும்ப வேண்டும் என்ற ஒரே ஆசையில் வாஷர் கையெழுத்துப் போட்டான். அலுவலர் முத்திரை குத்தினார்.

"அந்தம்மாவும் போடணும். படத்துல இருந்திருக்காங்க."

"என் கை மட்டும்தான் சார் இருந்தது" என்றாள் அவள். "அது மறந்தாப் போதுமா, நானும் மறக்கணுமா?"

அவர் கொஞ்சம் யோசித்து, "கை மறந்தாப் போதும்" என்றார். அவள் கட்டைவிரலை மையில் தொட்டு உருட்டினாள்.

பிறகு சோதித்தார்கள். சிவப்பு.

கடைசியில் இயக்குநரிடம் அழைத்துப் போனார்கள். பெரிய அறை. நாற்காலிக்குப் பின்னால் சுவர் தெரியாத அளவுக்கு விருதுகள், கேடயங்கள், பொன்னாடை போர்த்திய படங்கள். எலுமிச்சைத் தெளிப்பான் மேசையிலேயே இருந்தது. பேசத் தொடங்குமுன் அதைத் தன் முகத்துக்கு முன்னால் ஒருதரம் அடித்துக்கொண்டார். காலுக்குக் கீழே விரிப்பு ஈரமாக இருந்தது. மிதித்தால் சொதக் என்றது. யாரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நீங்க இந்த இயக்ககத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கீங்க" என்று தொடங்கினார். "ஜனங்க இங்க போனைக் கொண்டுவராங்க. கல்யாணப் படம், குழந்தை படம், கணக்கு வழக்கு, எல்லாத்தையும் தூக்கிட்டு வராங்க. எவ்வளவு பாரம்! வெளிய போறப்ப பாருங்க, கையை வீசிக்கிட்டுப் போறாங்க. அழறாங்கதான். பாரம் இறங்கினா அழுகை வரும். எந்த அழுக்குக்காக வந்தாங்களோ அது போச்சான்னு சிலர் கேக்கறாங்க. அது போயிட்டா நாளைக்கு இங்க யார் வருவா? இத்தனை ஊழியர் குடும்பம் இருக்கே, அதையும் யோசிக்கணும் இல்லையா? அழுக்கு இருக்கற வரைக்கும்தான் தூய்மைக்கு மரியாதை. இதை நான் மாநாட்டுல சொன்னப்ப எழுந்து நின்னு தட்டினாங்க…"

இந்த இடத்தில் அவர் காலைத் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டார். தரை ஓரங்களிலிருந்து கறுப்பாக, மெதுவாக, அது வந்துகொண்டிருந்தது. எது என்று நான் எழுத மாட்டேன். எழுதாமலே உங்களுக்குத் தெரியும். இந்த அறையில் மட்டுமில்லை. கூடத்தில், ஆலோசகர் அறையில், வாசலில், எல்லாத் தரை ஓரத்திலும் ஒரே சமயத்தில் கசிந்தது. அதில் வெள்ளைத் தட்டுகள் மிதந்தன. தட்டுகளில் போன்கள் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன.

"சார், கழிவுப் பைப் முழுசா விட்டுடுச்சு. வந்த அன்னிக்கே சொன்னேன்" என்றான் வாஷர்.

"அதுக்கு மனு கொடுத்தீங்களா?"

"வாயால சொன்னேன் சார்."

இயக்குநர் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டார். "நீ குழாய் ஆள்தானே? சரி பண்ணு!"

"சுவத்துக்குள்ள ஒரே ஒரு ஜாயிண்ட்தான் சார் இருக்கு. அதுதான் விட்டிருக்கும். எந்தச் சுவர்னு படத்தைப் பார்த்தா உடனே சொல்லிடுவேன். படம் அந்தக் கார்டுல இருக்கு."

"கார்டைக் கொடுங்கய்யா!"

அலுவலர் கணுக்கால் ஆழத்தில் விறைப்பாக நின்றார். "முடியாது சார். போனுக்குச் சான்றிதழ் இல்லாம சாட்சியை வெளிய விடக்கூடாது. நீங்களே கையெழுத்துப் போட்ட உத்தரவு."

இயக்குநர் தன் உத்தரவை மீறுகிறவர் அல்ல. நாற்காலி மேலேயே ஆலோசனைக் கூட்டம் நடந்தது. நாற்றம் நெஞ்சுக்குள் இறங்கி நாக்கில் உட்கார்ந்துகொண்டது. எச்சில் விழுங்க பயந்து எல்லோரும் வாயைத் திறந்தபடியே பேசினார்கள். முடிவில் அலுவலரின் முகம் பிரகாசமானது.

"வழி இருக்கு சார்! கார்டுல தகவல் இருக்கற வரைக்கும்தான் அது சாட்சி. தகவல் போயிட்டா வெறும் பொருள். பொருளைத் தாராளமாத் திருப்பிக் கொடுக்கலாம்."

"சார்! சார், வேண்டாம் சார்!" என்று வாஷர் பாய்ந்தான். வழுக்கி முழங்காலில் விழுந்தான். அவன் எழுந்து ஆவண அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அரக்கு உடைந்து, மணி அடித்து, எல்லோரும் எழுந்து நின்று (ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள்), கைதட்டலும் கேட்டுவிட்டது. அலுவலர் கார்டை ஒரு தட்டில் வைத்து மரியாதையாக நீட்டினார். "உங்க பொருள். சரி பார்த்துக்கோங்க."

வாஷர் அதைப் போனில் போட்டுப் பார்த்தான். வெறுமை. விரலால் மேலே தள்ளினான், கீழே தள்ளினான். ஊரின் பாதிச் சுவர்கள் பூசி மூடிக்கொண்டுவிட்டன. அவன் மனைவி தன் கையைப் பார்த்தாள், அது இன்னும் மணிக்கட்டில்தான் இருக்கிறதா என்பது போல. அந்த ஒரு நிமிடம் நாற்றம்கூட எனக்குத் தெரியவில்லை.

"சரி, இப்பப் பார்த்துச் சொல்லு. எந்தச் சுவர்?" என்றார் இயக்குநர்.

"அழிச்சுட்டீங்க சார்."

"ஞாபகம் இருக்குமில்ல? நீதானே போட்டே?"

வாஷர் நிதானமாக முழங்காலைத் துடைத்தான். "மறந்துட்டேன் சார். கையெழுத்துப் போட்டிருக்கேன். இவர்தான் முத்திரை குத்தினார்."

"அந்த மறதியை ரத்து பண்ணுங்கய்யா!"

"ரத்து பண்ற அதிகாரம் நமக்கு இல்ல சார்" என்றார் அலுவலர். "அழிக்கற அதிகாரம் மட்டும்தான்."

இயக்குநர் வாஷரின் மனைவி பக்கம் திரும்பினார். "நீயும்மா?"

"எனக்கு ஞாபகம் இருக்கு சார்" என்றாள் அவள். "ஆனா கைதான் மறந்துபோச்சு. காட்டச் சொன்னா நீட்ட வராது."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஒவ்வொரு சுவரா உடைச்சுப் பார்க்கணும், சார்" என்றான் வாஷர். "முதல்ல அந்தப் போனுக்குத் தூய்மையானதுன்னு எழுதிக் கொடுங்க. உரிமம் இல்லாம நான் சம்மட்டியைத் தொடக்கூடாது."

இயக்குநர் நாற்காலி மேல் நின்றபடியே, முழங்காலில் தாளை வைத்து, "தூய்மையானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் எண்ணைப் போட்டதும் செயலி மறுபேச்சில்லாமல் உரிமத்தைக் கொடுத்தது. அது போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரூட் உள்ளே சௌக்கியமாக இருந்தது.

வாஷர் சம்மட்டியை எடுத்தான். நேராக வாசல் பக்கம் போய், கசிவு மிகக் குறைவாக இருந்த சுவரில் முதல் அடியைப் போட்டான். அவன் மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு ஆலோசகர் அறை விழுந்தது. மறுநாள் ஆவண அறை. மேசை, அலமாரி, கோப்பு, தட்டு எல்லாம் தெருவில் குவிந்தன. ஊழியர்கள் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கேயும் வருகிறவர்களின் போன்களை அழித்துக்கொண்டிருந்தார்கள். இலக்கு இருந்தது. பொன் எழுத்துக் கதவையும் கழற்றி எடுத்தாயிற்று. பொன் எல்லாம் வழியிலேயே உதிர்ந்தது.

கடைசியாக மிஞ்சியது இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவர். விருதுகளை இறக்கியபோது அவற்றின் முதுகில் புழு நெளிந்தது. ஒரு கேடயத்தை அவர் ஆசையாகக் கையில் வாங்கி, அலறிக் கீழே போட்டார். வாஷர் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டான். அவ்வளவுதான் போட்டான். உள்ளேயிருந்து முதலில் வந்தது எஃகு டேப்.

அவன் மனைவி அதை வாங்கி, இயக்குநர் அறையின் வெள்ளைத் திரையில் மேலும் கீழுமாகத் துடைத்தாள். இழுத்துப் பார்த்தாள். விட்டாள். சர்ரென்று உள்ளே ஓடியது.

"துருகூடப் பிடிக்கல. நல்ல டேப்புன்னு சொன்னேன் இல்ல?" என்றாள்.

ஜாயிண்டில் இருந்த ரப்பர் வளையம் நகர்ந்திருந்தது. வாஷர் புதிது மாட்டினான். கசிவு நின்றது. "வாஷர் மாத்தினேன், சரியாப் போச்சு" என்றான்.

தரையைக் கழுவினார்கள். மருந்து தெளித்தார்கள். கூரையும் தூண்களும் மட்டுமே நின்ற இடத்தில் இயக்குநர் நட்டநடுவில் நின்று ஒரு மூச்சு இழுத்தார். முகம் கோணியது. துணை அழிப்பு அலுவலரும் இழுத்தார். உறைக் கையால் வாயைப் பொத்தினார். பொத்தியது தப்பு.

"எல்லாத்தையும் காலி பண்ணியாச்சே! பைப்பும் அடைச்சாச்சு. அப்புறமும் ஏன்யா நாறுது?" என்றார் இயக்குநர்.

வாஷர் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னான். "ரீசெட் பண்ணா நீங்க வச்சது மட்டும்தான் சார் போகும்."

பிறகு அவன் போனை எடுத்து, பூசுவதற்கு முன்னால் அந்த ஓட்டையைப் படம் பிடித்தான். காலியான போனில் முதல் படம். அவன் மனைவி டேப்பை இழுத்துப் பிடித்தாள். அவன் அழுத்தப்போகும் சமயத்தில் தலையையும் உள்ளே நீட்டினாள்.

"மூஞ்சி எதுக்கு? மறைக்குது" என்றான்.

"இருக்கட்டும். கை மட்டும் இருந்தா அழிச்சுடறாங்க."

என் வீட்டுக் குழாய்க்கு அவன் அடுத்த வாரம் வந்தான். படம் இல்லாததால் சமையலறைச் சுவரில் எங்கெங்கோ ஓட்டை போட்டுத்தான் கண்டுபிடித்தான். இந்த ஓட்டைகளையும் என் ஆணைக்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

நகராட்சிக் கணக்குப்படி மட்டும், அந்த இயக்ககக் கட்டடத்துக்குத் தண்ணீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ இன்றுவரை போடப்படவில்லை.